அறுபத்தைந்தாவது பக்கம்

காலையிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கைப்பேசியை மேசையில் வைக்கிறேன், எடுக்கிறேன், கண்ணாடியைத் துடைத்துப் போடுகிறேன், மறுபடி வைக்கிறேன். பெரியப்பாவின் பேரன் பெங்களூரிலிருந்து ஒரு கோப்பு அனுப்பியிருக்கிறான். "அத்தை, சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பாத்துட்டு ஓகே சொல்லிருங்க, பிரஸ்ஸுக்குப் போகணும்" என்று கூடவே ஒரு செய்தி. என் வயதுக்காரர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருப்பான். நம்மிடம் கேட்பது மரியாதைக்கு. நாம் சரி என்று சொல்வோம் என்ற நம்பிக்கையில் அச்சகத்துக்கு முன்பணமே கொடுத்திருப்பான்.

கோப்பில் இருப்பது எங்கள் பங்காளிகள் புத்தகம். ஒரே குலசாமியைக் கும்பிடுகிற ஐந்து வகையறாக்கள் நாங்கள். யார் யாருக்குப் பிறந்தார்கள், யாரைக் கட்டினார்கள், எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு குடும்பத்தையும் அதில் எழுதியிருக்கும். இப்போது வரப்போவது இரண்டாவது பதிப்பு. முதல் பதிப்பு வந்தபோது எனக்குப் பதினொரு வயது. அதை எழுதியவர் பெரியப்பா. அச்சுக்குப் போன கையெழுத்துப் படி என்னுடையது.

கோப்பைத் திறந்தவுடன் நான் செய்த முதல் காரியம் கடைசிப் பக்கத்துக்குப் போனது. அதில் யார் பெயர் இல்லையோ அவளைத் தேடித்தான் போனேன். இல்லை என்று தெரிந்தே போனேன்.

எங்கள் ஊரான கோம்பையில் அந்த வருடம் தை பிறந்ததிலிருந்து மாசி சிவராத்திரி வரை எங்கள் வீட்டில் எல்லோரும் வெள்ளைத்தாள் பைத்தியமாகத் திரிந்தோம். பெரியப்பா பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். சும்மா இருக்கத் தெரியாதவர். சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ப் பெயர்களைக் குறித்துக்கொண்டு வருவார். சாயங்காலம் அவர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். அப்பா திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடித்துவிட்டு, கை முழுக்க மயில்துத்தத்தின் நீலக்கறையோடு வந்து எட்டிப் பார்ப்பார். "பிள்ளைய விளையாட விடுண்ணே" என்பார். பெரியப்பா காதில் விழாதது போல அடுத்த பெயரைச் சொல்வார்.

எனக்கு விளையாட்டே அதுதான். குண்டு குண்டாக, ஒரே அளவாக எழுதுவேன். மதுரையிலிருந்து பெரியப்பா வாங்கிக் கொடுத்த மைப்பேனா, பச்சை உடம்பும் பொன் மூடியும் கொண்டது, பள்ளிக்கூடத்துக்குக்கூட எடுத்துப்போக விடமாட்டார். அந்தப் பேனா இப்போது எங்கே என்று கேட்காதீர்கள். எத்தனையோ வீடு மாறியாயிற்று.

பெரியப்பா அந்தக் காலத்து மனிதர்களில் ஒரு படி முன்னால் நின்றவர். ஆண்பிள்ளைகளை மட்டும் எழுதினால் போதும் என்று மற்ற வகையறாக்காரர்கள் சொன்னபோது ஒத்துக்கொள்ளவில்லை. "பொம்பளப் பிள்ளைக மட்டும் ஆகாசத்துல இருந்தா குதிச்சதுக? எல்லாரையும் எழுதுவேன்" என்றார். கட்டிக்கொடுத்த பெண்கள், அவர்கள் வீட்டுக்காரர், பிள்ளைகள் எல்லோருக்கும் ஏழெட்டு வரி. அதைப் பற்றி முன்னுரையில் பெருமையாக எழுதியிருந்தார். "ஆண் பெண் பேதமின்றி, ஒருவரையும் விடாமல்" என்ற வரியை நான் மூன்று தடவை எழுதிப் பழகிவிட்டுப் படியில் எழுதினேன். முன்னுரை நான்கு பக்கம்.

ஒரே ஒரு பெண் விஷயத்தில் மட்டும் அவருக்கே தயக்கம் இருந்தது. பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் கடைசித் தங்கை. சர்ச்சுக்குப் போகிற வேதக்கார வாத்தியார் ஒருவரை விரும்பி, சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கூடலூரில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்த அத்தை. ஏழு வருடமாகப் போக்குவரத்து இல்லை. அவள் பெயரை எங்கள் வீட்டில் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள்.

ஒருநாள் சாயங்காலம் பெரியப்பா குறிப்புகளை மூடி வைத்துவிட்டு, "எழுதுத்தா" என்றார். அத்தை பெயர், வாத்தியார் பெயர், கூடலூர், ஒரு பெண் குழந்தை. ஏழு வரி. என் அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்து நின்றாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் பெரியப்பா ஒரு கார்டை எடுத்துக் கொடுத்து அதிலும் எழுதச் சொன்னார். 'சிவராத்திரி முடிந்த காலையில் குலசாமி கோயிலில் புத்தகம் கொடுக்கிறோம். அதில் உன் குடும்பமும் இருக்கிறது. வந்து உன் கையால் வாங்கிக்கொள்.' எழுதியது நான். தபால் பெட்டியில் போட்டதும் நான். அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பெரியவர்களை நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

அடுத்து நடந்ததைச் சொல்வதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் பாடம், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பிற்காலத்தில் டீச்சராகி, பல வருடம் பள்ளிக்கூட ஆண்டுமலரைக் கட்டி அழுதவள். அச்சகத்தில் பக்கம் பக்கமாக அடிப்பதில்லை. ஒரு பெரிய தாளில் இரண்டு பக்கமும் அடித்து, மூன்று மடிப்பு மடித்து வெட்டினால் பதினாறு பக்கம் வரும். அதற்கு ஒரு ஃபாரம் என்று பெயர். நான்கு ஃபாரம் என்றால் அறுபத்து நான்கு பக்கம். அறுபத்தைந்தாவது பக்கத்தில் ஒரே ஒரு வரி விழுந்தாலும் ஐந்தாவது ஃபாரத்தைத் தொட வேண்டும்.

உத்தமபாளையத்தில் இருந்த அச்சகத்துக்குப் பெரியப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். என் எழுத்தில் ஏதாவது சந்தேகம் என்றால் நான்தான் சொல்ல வேண்டும். உள்ளே மண்ணெண்ணெயும் மையும் கலந்த வாடை. காலால் மிதிக்கும் யந்திரம் 'தடக் தடக்' என்று ஓடிக்கொண்டிருந்தது. கூடவே இரண்டாம் வகையறாப் பெரியவரும் வந்திருந்தார். புத்தகத்துக்கான காகிதம் முழுவதும் அவர் உபயம். நான்கு ஃபாரத்துக்கு எவ்வளவோ அவ்வளவு, ஒரு தாள் கூடுதல் கிடையாது.

பிரஸ்காரர் மெலிந்த மனிதர். சட்டைப் பைக்குள் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி. எங்களை உட்கார வைத்து, "அறுபத்தஞ்சாவது பக்கத்துல ஏழு வரி வந்து நிக்குது சார்" என்றார்.

எந்த ஏழு வரி என்று நான் சொல்லவே வேண்டாம். வயது வரிசைப்படி எழுதிய புத்தகம். ஐந்து வகையறாவில் எங்களுடையது கடைசி. அதில் அத்தை கடைசிப் பிள்ளை.

"எழுத்தச் சின்னதாக்குங்க" என்றார் பெரியப்பா.

"சின்ன எழுத்து ஒரு புஸ்தகத்துக்குக் காணாது சார். கல்யாணப் பத்திரிகைக்கு மட்டுந்தான் வச்சிருக்கேன்."

"வேற வழி?"

பிரஸ்காரர் என் படியைப் புரட்டினார். "இந்தா, நடுவுல மூணு எடத்துல முழுப்பக்கம் வெள்ளையா விட்டிருக்கீக. அதுல ஒண்ண எடுத்துட்டா எல்லாம் ஒரு பக்கம் முன்னால வந்துரும். அறுபத்து நாலுல முடிஞ்சுரும்."

நண்பர்களே, அந்த மூன்று வெள்ளைப் பக்கங்களின் கதை இது. ஒவ்வொரு வகையறாவும் வலது பக்கத்தில்தான் தொடங்க வேண்டும் என்று ஊர்க்கூட்டம் போட்டுப் பேசி முடித்திருந்தார்கள். மருமகள் வலதுகால் வைத்து வீட்டுக்குள் வருகிற மாதிரி வம்சமும் வலது பக்கத்தில்தான் அடியெடுத்து வைக்க வேண்டுமாம். முந்தைய வகையறா வலது பக்கத்தில் முடிந்துவிட்டால், அதை அடுத்த இடது பக்கத்தை வெறுமனே விட்டுவிட்டு அதற்கடுத்த வலதில் தொடங்கினோம். அப்படி விழுந்தவை மூன்று.

இரண்டாம் வகையறாப் பெரியவர் எழுந்தே விட்டார். "ஒரு வகையறாவ எடதுல ஆரம்பிப்பீகளா? பந்தியில உக்கார வச்சு எடது கையால சோறு போடுற மாதிரியில்ல இருக்கு! அப்படின்னா எம் பேப்பரத் திருப்பிக் குடுத்துருங்க."

"சரி, இன்னொரு ஃபாரம் போடுவோம்" என்றார் பெரியப்பா.

"ஏழு வரிக்காக ஒரு ஃபாரமா? மிச்சப் பக்கமெல்லாம் என்ன, வண்ணான் கணக்கு எழுதவா? அந்த ஏழு வரிய வெட்டிவிட்டாச் சோலி முடிஞ்சுச்சு. யாரு தேடப்போறா?"

பெரியப்பா அந்தச் சின்ன அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கதவு வரை போவார், யந்திரத்தைப் பார்ப்பார், திரும்புவார். பிரஸ்காரருக்கு அவர் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். தணிந்த குரலில், "முன்னுரை நாலு பக்கம் இருக்கு சார். ரெண்டாச் சுருக்கிக் குடுத்தீகன்னா யாரையும் எடதுல வைக்காமலே எல்லாம் அடங்கிரும்" என்றார்.

பெரியப்பா நின்றார். முன்னுரைத் தாள்களைக் கையில் வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தார். ஒரு இடத்தில் பென்சிலை வைத்தார், எடுத்தார். இன்னொரு இடத்தில் வைத்தார். "இதுல எதச் சுருக்க?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். கடைசியில் தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அவகிட்ட நான் நேர்ல சொல்லிக்கிறேன்" என்றார்.

அந்தக் காட்சியை எத்தனை தடவை திருப்பிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. பெரியப்பா கெட்டவர் இல்லை. ஊரையே எதிர்த்துப் பெண்கள் பெயரை எழுத வைத்த மனிதர். தன் எழுத்தில் இரண்டு பக்கத்தை அடிக்க மட்டும் அவருக்குக் கை வரவில்லை. ஒருவரையும் விடவில்லை என்று சொல்கிற அந்த முன்னுரைக்கு இடம் கொடுக்கத்தான் ஒருத்தியை விட்டார். இதை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது, அவர் செத்து இத்தனை காலத்துக்குப் பிறகும்.

இத்தனைக்கும் வேறு வழிகள் இருந்தன. ஒரே ஒரு தனித்தாளை அடித்துக் கடைசியில் ஒட்டியிருக்கலாம். பின்னட்டையின் உட்பக்கத்தில் போட்டிருக்கலாம். ஆண்டுமலர் வேலையில் இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டபோது ஒவ்வொரு தடவையும் அந்த ஏழு வரிதான் ஞாபகத்துக்கு வரும்.

கிளம்பும்போது பிரஸ்காரர் என்னைக் கூப்பிட்டு, அந்த ஏழு வரிகள் மட்டும் அடித்திருந்த நீளமான புரூப் சீட்டைக் கொடுத்தார். "உன் எழுத்துதான பாப்பா, வச்சுக்க." நான் அதைக் கணக்கு நோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குத் துக்கம் எதுவும் இல்லை. அத்தை இல்லையென்றால் அறுபத்து நான்காம் பக்கத்தின் கடைசிப் பெயர் யாருடையது? என்னுடையது. புத்தகமே என் பெயரோடு முடியப்போகிறது என்ற நினைப்பில் கோம்பை வரும்வரை ஜன்னல் கம்பியில் தாளம் போட்டுக்கொண்டு வந்தேன்.

சிவராத்திரிக்கு மறுநாள் காலை. பொங்கல் பானைகளை இறக்கிவிட்டு எல்லோரும் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். புத்தகக் கட்டைப் பிரித்ததும் புது மையின் வாடை. வீட்டுக்கு ஒன்று என்று பெரியப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தார். அத்தை வந்திருந்தாள். கையில் மூன்று நான்கு வயதுக் குழந்தை. கூட்டத்தை விட்டுச் சற்றுத் தள்ளி நின்றாள். யாரும் வா என்று கூப்பிடவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை.

பெரியப்பா தானே எழுந்து போய் அவளுக்கு ஒரு புத்தகம் கொடுத்தார். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். "நல்லாயிருக்கியாத்தா?" என்று மட்டும் கேட்டார்.

அத்தை புத்தகத்தைப் பின்னாலிருந்து திறந்தாள். தான் கடைசிப் பிள்ளை என்று அவளுக்குத் தெரியுமே. கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். அதற்கு முந்தையதைப் பார்த்தாள். பிறகு முதலிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். வெள்ளைப் பக்கம் வந்த இடத்தில் நின்றாள்.

"என்னண்ணே இது, எழுத்தே இல்ல?"

"அது வந்து... ஒவ்வொரு வகையறாவும் வலதுல தொடங்கணும்னு சொன்னாக. அதான் அப்படி விட்டது."

"இந்த மாதிரி எத்தன இருக்கு?"

அவளே புரட்டி எண்ணினாள். மூன்று. அத்தை அழவில்லை. ஏச்சுப் பேச்சு எதுவும் இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் அப்பா பக்கத்தில், பச்சைப் பேனாவைக் கழுத்துப்பட்டையில் சொருகிக்கொண்டு நான் நின்றிருந்தேன்.

"ஏத்தா, கார்டு எழுதுனது நீதான? எழுத்து மணி மணியா இருந்துச்சு. இந்தா, இதுல எழுது. எம்பேரு, அவுக பேரு, பாப்பா பேரு. இந்த ஒரு புஸ்தகத்துலயாவது இருக்கட்டும்."

வெள்ளைப் பக்கத்தை விரித்து நீட்டினாள். அந்தக் கூட்டம் முழுவதும் என்னைப் பார்ப்பது போலிருந்தது. இரண்டாம் வகையறாப் பெரியவர் தொண்டையைச் செருமினார். நான் பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் பொங்கல் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவைப் பார்த்தேன். அப்பா தன் கையில் இல்லாத கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பேனாவுல மை இல்லத்த" என்றேன்.

அத்தை என் கழுத்துப்பட்டையிலிருந்து பேனாவை உருவினாள். மூடியைக் கழற்றி, தன் உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்தாள். நீலமாகத் தெளிவாக விழுந்தது. கோட்டைப் பார்த்தாள். மூடியைப் போட்டு, பேனாவை இருந்த இடத்திலேயே சொருகிவிட்டு, என் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டினாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ரோட்டைப் பார்த்து நடந்தாள். புரூப் சீட்டு அப்போதும் என் கணக்கு நோட்டில்தான் இருந்தது. அதையாவது ஓடிப்போய்க் கொடுத்திருக்கலாம். அந்த நோட்டு வருடக்கடைசியில் பழைய பேப்பர்காரர் தராசுக்குப் போயிற்று.

பெரியப்பா சாவுக்கு அத்தை வந்தாள், வாசலோடு போனாள். அப்பா சாவுக்கும் அப்படியே. சில வருடங்களுக்கு முன் அத்தையும் போய்விட்டாள். அந்தத் துக்க வீட்டில்தான் அவள் மகளின் நம்பரை வாங்கினேன். கூடலூரில் தையல் கடை வைத்திருக்கிறாள்.

மணி இரண்டரை. பெரியப்பா பேரனைக் கூப்பிட்டேன். "ஏலே, கூடலூர் அத்தை பேரு இல்லையேப்பா?"

"எந்த அத்தை? பழைய புஸ்தகத்த வரிக்கு வரி அடிச்சு, அதுக்கப்புறம் வந்தவுகளச் சேத்துத்தான் இதையே செஞ்சேன். அதுல அப்படி யாரும் இல்லையே."

அவனைக் குறை சொல்ல முடியவில்லை. அன்றைக்கு ஏழு வரி இல்லாமல் போனதால் இன்றைக்கு அப்படி ஒருத்தி பிறக்கவே இல்லை. முதலிலிருந்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "பாவந்தான் அத்தை. ஆனா தொண்ணூத்தாறு பக்கம், ஆறு ஃபாரம், கரெக்டா முடிச்சிருக்கேன். இனி ஒரு வரி ஏத்தினாலும் எகிறிரும். அடுத்த பதிப்புல பாப்போம்."

"அடுத்த பதிப்புக்கு யாரு இருக்கப்போறா? கடைசிப் பக்கத்துல ஏம்பேரும் போட்டோவும் இருக்குல்ல, அதத் தூக்கிட்டு அங்கன அவுகளப் போடு" என்றேன். அவனுக்குச் சங்கடம். சம்மதித்தான்.

உடனே கூடலூருக்குப் போன் போட்டேன். பின்னால் தையல் மிஷின் சத்தம் கேட்டது. நின்றது.

"சொல்லுங்க மதினி. யாருக்காச்சும் மேலுக்கு முடியலையா?"

எங்களுக்குள் போன் என்றால் நோய்க்கும் சாவுக்கும்தான். விஷயத்தைச் சொன்னேன், படபடவென்று, ஒரே மூச்சில். அத்தை பெயரைப் போடப்போகிறோம், பிள்ளைகள் பெயரெல்லாம் வேண்டும், ஒரு போட்டோவும் வேண்டும் என்று.

"எந்தப் பக்கத்துல?" என்று கேட்டாள்.

"கடைசிப் பக்கத்துல. ஏம்பேர எடுத்துட்டு."

"கடைசியில வேணாம் மதினி. அதத்தான் மொதல்ல வெட்டுவாக" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. துணிக்கு அளவு சொல்வது போலச் சொன்னாள். உங்க பேரை எங்களுக்காக எடுக்கவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

வீட்டுக்குள் நடந்தேன். வாசல் வரை போவதும் திரும்புவதுமாக, பெரியப்பா நடந்த மாதிரியேதான். பிறகு உட்கார்ந்து கோப்பை முதலிலிருந்து விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். இந்தப் பிள்ளை பழைய புத்தகத்தை வரிக்கு வரி மட்டுமா எடுத்திருக்கிறான்? வலதில் தொடங்க வெள்ளைப் பக்கம் விடுகிற வழக்கத்தையும் அப்படியே எடுத்திருக்கிறான். தாத்தா பெயரோடு எங்கள் வகையறா தொடங்குகிற வலது பக்கத்துக்கு எதிரில், இடதில், ஒரு முழுப்பக்கம் வெறுமனே கிடந்தது.

"அந்தப் பக்கத்துல போடு" என்றேன் அவனிடம்.

"ஐயோ அத்தை! அப்பாவுக்கு முன்னாடி மகளா? அதுவும் எடதுல? பெரியவகல்லாம் என்னையத் தொலைச்சிருவாக."

"இப்பப் பெரியவ நாந்தான். யாராச்சும் கேட்டா என் நம்பரக் குடு. அஞ்சு மணிக்கு உனக்கு ஓகே வேணுமா வேணாமா?"

சிரித்தான். போடுகிறேன் என்றான்.

மறுபடி கூடலூர். மணியடித்து நெடுநேரம் கழித்துத்தான் எடுத்தாள். முழுப்பக்கம் என்று சொன்னேன். தாத்தாவுக்கும் பெரிய மாமாவுக்கும் நேர் எதிரில் என்று சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் அழத் தொடங்கிவிட்டேன். அன்றைக்குப் பேனாவில் மை இருந்தது என்றும் சொன்னேன். அறுபது வயதுக்கு மேல் இதைச் சொல்லக் கேவலமாகத்தான் இருந்தது.

"பேரெல்லாம் எழுதி அனுப்புறேன். போடுங்க" என்றாள் கடைசியில். "ஆனா இப்ப எங்கிட்ட எதுவும் சொல்லாதீக மதினி. புஸ்தகம் கைக்கு வரட்டும், பாத்துட்டுப் பேசிக்கிருவோம். பேரு வருதுன்னு அன்னிக்கு எங்கம்மா புதுச்சீல எடுத்துக் கட்டிட்டு வந்துச்சு. உங்கள்ல ஒருத்தரும் அதப் பாத்திருக்க மாட்டீக."